மெட்டு வழிகள்: தேனி மலைப்பாதைகளின் வரலாறு

பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்றுள்ள மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய இப்பாட்டிற்குக் கூத்தராற்றுப்படை என்பதும் ஒரு பெயர். வகுப்பறையில் இதனைப் பாடம் சொல்லும்போது இசைக்கருவிகளின் வரிசையையும் நன்னனின் கொடைச் சிறப்பையும் விளக்கிவிட்டு இடைப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த இடைப்பகுதியோ, உள்ளபடியே நோக்கினால், மலைவழி செல்வோர்க்குரிய ஒரு கையேடு. பன்றிக்கு வைத்த கல்பொறிகள் வழியில் உண்டு. ஆதலால் விடிந்த பின்னரே புறப்படுக. பாம்புகள் ஒடுங்கும் குழிகள் உண்டு, பார்த்துச் செல்க. தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் விரைந்து வரும். மரங்களின் பின் ஒதுங்கிச் செல்க. வழுக்கும் பாறைகளில் கொடிகளைப் பற்றிக்கொள்க. இருளில் வழி தவறினால் அகன்ற பாறையின்மேல் ஏறி உங்கள் இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்க. காடு காக்கும் கானவர் ஓசை கேட்டு வந்து துணையாவர். வழி பிரியும் கவலைகளில், பின்னால் வருவோர் அறியும் பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க. இவ்வளவும் புலவர் சொல்பவை. மரத்தடியில் பெயர் பொறித்து நாட்டிய கல்லும் அப்பாட்டில் உண்டு.

இக்கையேடு யாருக்காக எழுதப்பட்டது என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு அடிப்படை. மலையழகு காணச் சென்றவர்களுக்காக அன்று. பசி தீர ஒரு புரவலனை நாடிச் சென்ற கூத்தர்க்காக. அக்கூட்டத்தில் விறலியரும் இருந்தனர். கல்லில் மோதி நைந்த அவர்களுடைய பாதங்களை ஓடி இளைத்த நாயின் நாவுக்குப் புலவர் ஒப்பிடுகிறார். பெண்ணின் பாதத்தைத் தாமரைக்கும் அனிச்சத்திற்கும் ஒப்பிட்டுப் பழகிய நம் மரபில் இவ்வுவமை தனித்து நிற்கிறது. நடந்து பார்த்த ஒருவரால் அல்லது நடந்தவரை அருகிருந்து பார்த்த ஒருவரால் மட்டுமே இதனைச் சொல்லியிருக்க முடியும் என்பது என் கருத்து.

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பது பழம்பொருள். அதர், நெறி, கவலை, கணவாய் என வழியைக் குறிக்கப் பல சொற்களைக் கொண்ட மொழி நம்முடையது. ஆயினும் குறிஞ்சி நிலத்தைப் பாடும் இன்றைய கவிதைகளில் அருவி இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, தேன் இருக்கிறது. அங்கே ஏறிப்போன வழியைக் காணோம். வழியே வரலாறு. அதனைத் தேனி மாவட்டத்து மலைப்பாதைகள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரையில் காட்ட முயல்கிறேன்.

மெட்டு என்னும் சொல்

மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம் மலைகளின் மடியில் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. வடக்கே பழனிமலைத் தொடர். மேற்கே கேரள எல்லையாக நிற்கும் ஏலமலைத் தொடர். தெற்கே வருசநாட்டு மலை. இங்குள்ளோர் மலையின் ஏற்றம் முடிந்து மறுபக்கம் தெரியும் இடத்தை மெட்டு என்பர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்குலூத்து மெட்டு என ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிலைத்துவிட்டது. பாட்டுக்கும் மெட்டு என்கிறோம். இரண்டும் ஒரே வேரினவா என்பதை மொழியியலார் ஆராயட்டும். ஏற்றமும் இறக்கமும் இரண்டிற்கும் பொது என்பதைக் கவிஞர்கள் மறுக்கமாட்டார்கள்.

இப்பாதைகளுக்கு மற்றொரு பொதுத்தன்மையும் உண்டு. இவற்றின் அடிவாரத்தைச் சேரத் தனி வாகனம் வேண்டியதில்லை. பெரியகுளத்தில் ஏறினால் கும்பக்கரையில் இறங்கலாம். போடியில் ஏறினால் குரங்கணியில் இறங்கலாம். கம்பத்திலிருந்து குமுளி செல்லும் வண்டியில் ஏறினால் லோயர் கேம்ப்பில் இறங்கலாம். சமவெளியின் சாதாரணப் பேருந்து போய்த் திரும்பும் இடமே மலைவழி தொடங்கும் இடமாக இருப்பது தற்செயலன்று. வண்டி எதுவரை போகுமோ அதுவரை வண்டி, அதற்குமேல் கால். நூற்றைம்பது ஆண்டுகளாக இப்பள்ளத்தாக்கின் போக்குவரத்து இவ்வாறே இயங்கியது. மாட்டுவண்டி ரயிலாயிற்று, ரயில் பேருந்தாயிற்று, வண்டி நிற்கும் எல்லை சிறிது சிறிதாக மேலே நகர்ந்தது. நடக்க வேண்டிய எச்சப்பகுதியே இன்று மலையேற்றப் பாதை எனப் பெயர் பெற்றிருக்கிறது.

கண்ணகி சென்ற வழி

சிலப்பதிகாரத்தில் வழிகள் மிகுதி. மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை செல்லும் மூன்று வழிகளைக் கூறுவதைக் காடுகாண் காதையில் காண்கிறோம். வலப்பக்க வழி சிறுமலை வழியாகவும் இடப்பக்க வழி திருமால்குன்றம் வழியாகவும் செல்லும். ஆனால் மதுரை எரிந்த பிறகு கண்ணகி நடந்த வழியை அவளுக்குச் சொல்லித்தர ஒரு மறையோனும் இல்லை. வையையின் கரையைப் பற்றிக்கொண்டு, மேடு பள்ளம் பாராமல் மேற்றிசை நோக்கி நடந்து, நெடுவேள்குன்றம் ஏறி, வேங்கை நிழலில் நின்றாள் என்று நூல் கூறுகிறது. ஆறு என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாகும் இடம் இது. அவளுக்கு ஆறே ஆறாயிற்று.

அக்குன்றம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திருச்செங்கோடே அது என்பாரும் உளர். கரந்தையைச் சேர்ந்த புலவர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தாமும் நடந்தே ஆராய்ந்தார். கூடலூருக்கு மேற்கே மலையுச்சியில் சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று 1963இல் கண்டு அறிவித்தார். அவருடைய முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். ஓர் இலக்கியச் சிக்கலை நூலகத்தில் மட்டும் அமர்ந்து தீர்க்காமல் ஆற்றங்கரை வழியே காலால் தேடிய அம்முறை தமிழாய்வில் அரிது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றிற்குத் தேர்வாளராக இருந்தவள் என்ற முறையில் இதனைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

அக்கோயில் இன்று பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லையில் உள்ளது. ஆண்டில் ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று, தேனி, இடுக்கி மாவட்ட நிருவாகங்களின் கூட்டு ஏற்பாட்டில் பொதுமக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். குமுளியிலிருந்து காட்டுவழியே ஜீப்புகள் செல்லும். லோயர் கேம்ப்பை அடுத்த பளியங்குடியிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடைவழியும் உண்டு. பளியர் குடியிருப்பின் பெயரே பாதையின் தலைவாயிலுக்கும் பெயராயிற்று. ஜீப்பில் செல்வோர் பலராயினும், நடந்து ஏறினால்தான் நேர்த்தி நிறைவேறும் என்று எண்ணும் பெண்கள் இன்றும் உள்ளனர். எம் கல்லூரி மாணவியரோடு ஒருமுறை அவ்வழி ஏறியபோது எங்களுக்கு முன்னே சென்றவர்களுள் எழுபது வயதைக் கடந்த மூதாட்டியர் நால்வர் இருந்தனர். செருப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தனர். பிற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டேயிருந்தார்கள். மூதாட்டியர் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ரயிலடியிலிருந்து கொடைக்கானல்

கொடைக்கானலின் வரலாறு பலரால் எழுதப்பட்டுவிட்டதால் இங்கு வழியைப் பற்றி மட்டும் சுருக்கமாகக் கூறுகிறேன். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் நோய்களுக்கு அஞ்சி மேலே சென்றவர்கள் அவர்கள். 1875இல் இருப்புப்பாதை மதுரைவரை நீண்டபோது அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் அமைந்தது. இன்றைய கொடைக்கானல் ரோடு அதுவே. பெயரில் கொடைக்கானல் இருந்ததே தவிர மலை அங்கிருந்து வெகுதொலைவு. பயணிகள் இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்குவர். பின்னர் ஏறத்தாழ 12 மைல் செங்குத்தான பாதை. துரைமார் சிலர் குதிரையில் சென்றனர். துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில் அமர, கூலியாட்கள் அந்நாற்காலியைத் தோளில் தூக்கிச் சென்றனர். 1916இல் லாஸ் காட் சாலை திறக்கப்பட்டபின் அப்பாதைக்கு வேலையில்லாமல் போயிற்று.

வேலையில்லாமல் போயிற்று என்பது துரைமாரின் பார்வை. அச்சரிவில் வெள்ளகவி என்னும் பழைய ஊர் இருக்கிறது. கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் இடையில், வாகனம் செல்லும் சாலையின்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அவ்வூரினர். ஊருக்குள் காலணி அணிவதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். ஊர் முழுதும் அவர்களுக்குக் கோயில். நோயாளியையும் பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணையும் டோலி கட்டித் தூக்கியே இறக்கினர். நாற்காலியில் ஏறியவர்களின் பெயர்கள் கொடைக்கானலின் தெருக்களில் உள்ளன. டோலியில் இறங்கியவர்களின் பெயர்களைக் கேட்டால் அவ்வூர்க் கிழவிகள் சொல்லக்கூடும்; எந்த ஏட்டிலும் இல்லை.

குரங்கணி

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கொட்டக்குடி ஆற்றைப் பற்றிச் சென்றால் குரங்கணி. பேருந்து அங்கே திரும்பிவிடும். அதற்குமேல் ஒருபுறம் டாப் ஸ்டேஷனுக்கும் மறுபுறம் கொழுக்குமலைக்கும் பாதைகள் ஏறுகின்றன. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்குமேல் உயர்ந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் வாகனத்தில் செல்வோர் கேரளத்துச் சூரியநெல்லி வழியே சுற்றித்தான் அதனை அடையவேண்டும். டாப் ஸ்டேஷனின் நிலையும் ஏறத்தாழ அதுவே. நம் நிலத்திலிருந்து நேரே சென்று சேர நடைவழி மட்டுமே உள்ளது.

டாப் ஸ்டேஷன் என்னும் பெயரைக் கேட்போர் அங்கே ரயில் நிலையம் எங்கே என்று தேடுவது இயல்பு. ஒரு காலத்தில் இருந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற மலைநிலமே பின்னர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களாக மாறிற்று. கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி 1897இல் உருவாயிற்று. விளைந்த தேயிலையைத் துறைமுகத்திற்குக் கொண்டுசேர்க்க வழி வேண்டும். 1902இல் மூணாற்றிலிருந்து மலைவிளிம்புவரை ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில் உருள, மற்றொரு பெரிய சக்கரம் தரையில் ஊன்றிச் சமநிலை காக்க, மாடுகள் வண்டியை இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டு எஞ்சின் ஓடிற்று. அப்பாதையின் மேல்முனை டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டக்குடிக்கு இறங்கின. அந்த அடிமுனைக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து போடிக்கு வண்டிகள், பின்னர் ரயில், பின்னர் கப்பல், இறுதியில் இங்கிலாந்து. மதுரையிலிருந்து போடிவரை இருப்புப்பாதை 1928இல் வந்தது. அதற்குள் மலைமேல் இருந்த ரயில் மறைந்துவிட்டது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பது, தண்டவாளத்தை வாரிக்கொண்டு போயிற்று.

இவ்வரலாற்றைச் சுற்றுலாக் கையேடுகள் வியப்போடு எடுத்துரைக்கின்றன. ஒன்றை மட்டும் அவை சொல்வதில்லை. அந்தக் கம்பிவடம் தேயிலைக்காக அமைக்கப்பட்டது. தேயிலை பறித்த மக்கள் நடந்தே ஏறினர்.

மூணாற்றுத் தோட்டங்களின் தொழிலாளருள் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் திரட்டிச் சென்ற தமிழர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களைத் தள்ளின, முன்பணம் இழுத்தது. அவர்கள் சமவெளியில் பல நாள் நடந்து, மலையடிவாரத்தில் தங்கி, மெட்டு ஏறினர். தலையில் பாத்திர பண்டம், இடுப்பில் குழந்தை. மேலே குளிர். கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி அவர்கள் தலைக்குமேல் எதிர்த்திசையில் மிதந்து செல்வதை அண்ணாந்து பார்த்த கண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். நம் புதினங்களில் தேயிலைத் தோட்டத்தின் துயரம் பதிவாகியிருக்கிறது. தோட்டத்தை அடையும் முன் நிகழ்ந்த அந்த ஏற்றம் போதுமான அளவு பதிவாகவில்லை.

இம்மலைகளில் அவர்களுக்கு முன்பே வழி அறிந்தவர் முதுவர். தம் முன்னோர் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியவர் என்பதும் அதனாலேயே அப்பெயர் வந்தது என்பதும் அவர்களுடைய வாய்மொழி மரபு. சொற்பிறப்பு ஆய்வுக்கு இது நிற்குமா என்பது வேறு. மதுரை அழிந்தபின் மேற்கே நடந்த ஒரு பெண்ணைக் காப்பியம் பாடுகிறது. மதுரையை நீங்கி மேற்கே நடந்த ஒரு கூட்டத்தை மலைமக்களின் நினைவு பாடுகிறது. இரண்டிற்கும் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. இரண்டும் ஒரே திசையை நோக்கியவை என்பதைக் குறித்துவைக்கிறேன்.

என் தாய்வழிப் பாட்டியார் தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக ஏலத்தோட்டத்திற்கு ஏறியவர். இருபது வயதுக்குள் எத்தனை முறை ஏறினார் என்று அவருக்கே கணக்கில்லை. கேழ்வரகும் கருவாடும் புளியும் கட்டிய மூட்டையை இறக்கிவைக்கும் பாறைகள் ஒவ்வொன்றையும் அவர் பெயர் சொல்லி நினைவுகூர்வார். அட்டைக்குப் புகையிலை, காலுக்கு விளக்கெண்ணெய், யானை வாடை வந்தால் வாய்பேசாமை. ஏட்டறிவில்லாத என் பாட்டியார் எனக்குச் சொன்னதும் பெருங்கௌசிகனார் கூத்தர்க்குச் சொன்னதும் ஒரே வகை நூல் என்பதை நான் முதுகலை வகுப்பில் மலைபடுகடாம் பயின்றபோது உணர்ந்தேன். ஆசிரியரிடம் அதைச் சொல்லும் துணிவு அன்று எனக்கில்லை.

அவ்வாறு ஏறிச் சென்றவர்களின் வழிவந்த பெண்களே 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஊக்க ஊதியத்திற்காகத் தாமே திரண்டு போராடியவர்கள். 2020 ஆகஸ்டு 6 அன்று பெட்டிமுடி லயங்களின்மீது மலை சரிந்து 70 பேர் மாண்டபோது அவர்களுள் பலருக்குக் கயத்தாற்றுப் பக்கத்தில் உறவினர் இருந்தனர். பாதை மறைந்துவிட்டது, பாதையின் இரு முனைகளும் இன்னும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கின்றன.

இருமுறை எரிந்த மலை

2018 மார்ச்சு 11 அன்று குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் இடையே மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றத்திற்குச் சென்று இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் சிக்கினர். ஆள் உயரம் காய்ந்து நின்ற புல், செங்குத்தான சரிவு, காற்று. மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இளம் பெண்கள் பலர். சென்னையிலும் கொங்குநாட்டிலும் வேலை பார்த்தவர்கள். ஓடிவந்து தூக்கியவர்களுள் முதல்வர் அடிவாரத்து மக்கள். வெள்ளகவியில் கண்ட டோலி இங்கும் கட்டப்பட்டது.

அதே 2018, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாற்று மலைகளில் பூத்த ஆண்டு. தீ மார்ச்சில்; பூ ஆகஸ்டிலும் அதன் பின்னரும். குறிஞ்சி பூத்ததைப் பற்றி அவ்வாண்டு நம்மிடையே கவிதைகள் நிறைய வந்தன. குரங்கணியைப் பற்றி வந்தவை எத்தனை என்பதை நண்பர்கள் தம் கையேடுகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், கொள்ளைநோய் ஊரடங்கு வந்தது. எல்லைகள் அடைக்கப்பட்டன, பேருந்துகள் நின்றன. கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த தேனி மாவட்டத் தொழிலாளர் சிலர் போடிக்கு அருகிலுள்ள இராசிங்காபுரம் நோக்கிக் காட்டுவழியே நடந்து இறங்கினர். வழியில் காட்டுத்தீ சூழ்ந்தது. ஒரு குழந்தை உட்பட நால்வர் இறந்தனர்.

முந்திய தீயை நாடே அறியும். விசாரணை நடந்தது, ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள், அது தகும். பிந்திய தீயை நம் மாவட்டத்திலேயே பலர் அறியார். ஒரே மலைத்தொடர், ஒரே மாதம், ஒரே வகைப் புல், ஒரே தீ. முன்னவர்களை நாளேடுகள் மலையேற்ற வீரர்கள் என்றன. பின்னவர்களைத் தொழிலாளர்கள் என்றன. பெயர் வேறானதால் துயரமும் வேறாயிற்று. பேருந்து ஓடும் வரையில் மெட்டு வழி பொழுதுபோக்காக இருக்கிறது. பேருந்து நின்ற மறுநாளே அது பழைய வழியாகிவிடுகிறது. கைக்குழந்தையோடு நடக்கும் பெண்ணின் வழியாகிவிடுகிறது. பாட்டியார் காலத்துப் பாதை மறையவில்லை என்பதை நான் அறிந்துகொண்டது அந்த மார்ச்சு மாதத்தில்தான்.

இன்றைய நிலை

குரங்கணித் தீயின் விளைவாக 2018இலேயே தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. பாதைகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகைப்படுத்தப்பட்டன. முன்அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபர் 24 அன்று வனத்துறையின் சார்பில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது. கட்டணம் உண்டு, பதிவு இணையவழி. பழங்குடியினரும் அடிவாரத்து ஊர் இளைஞரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். ஓசை கேட்டு வந்து துணையாகும் கானவரை அரசாணை மீண்டும் அமர்த்தியிருப்பதாக எனக்குத் தோன்றியது. இதனை நான் மனமார வரவேற்கிறேன்.

எனினும் கட்டணம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2021 மே முதல் மகளிர் நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்கின்றனர். என் மாணவியருள் பலர் முதன்முறையாக அம்மாவின் அனுமதியோடு மட்டும், அப்பாவின் பணமின்றி, வெளியூர் கண்டது அப்பேருந்தில்தான். மலையடிவாரம்வரை கட்டணமில்லாப் பயணம். அதற்குமேல் பதிவுக்கட்டணம் கண்டு அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். தீயிலிருந்து காக்கவேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. புலியும் யானையும் வாழும் காட்டில் கட்டுப்பாடு வேண்டும் என்பதிலும் இல்லை. அடிவாரத்து ஊர்ப் பெண்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவியர்க்கும் ஆண்டில் சில நாட்களேனும் கட்டணமில்லாமல், வழிகாட்டியோடு, இப்பாதைகள் திறக்கப்படவேண்டும். பாட்டிமார் மூட்டையோடு ஏறிய வழியைப் பேத்திமார் பார்க்கக் கூலி கேட்பது முறையன்று.

போடி ரயிலைப் பற்றிச் சொல்ல மறந்துவிடலாகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டு, 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட அத்தடம் 2022 மே மாதத்தில் தேனிவரையும் 2023 சூன் 15இல் போடிவரையும் திரும்ப வந்தது. சென்னையில் இரவு ஏறியவர் காலையில் போடியில் இறங்கிக் குரங்கணிப் பேருந்தைப் பிடிக்கலாம். மறுமுனையில், போடியை அடுத்த ஊத்துக்காடு போன்ற மலையூர்களுக்கு அண்மைத் தேர்தல்களிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரைமேல்தான் ஏறின.

நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணிகளைத் திட்டமிடும் செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பிள்ளை பெறாமல் இறந்த கருவுற்ற பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டுவது நம் ஊர்ப்புறங்களில் இருந்த வழக்கம். மெட்டு வழிகளின் அடிவாரங்களில் அத்தகைய கற்கள் எங்கெங்கு உள்ளன, எந்தப் பெண்ணின் பெயரில் உள்ளன, மூட்டை இறக்கிய பாறைகளுக்கு வழங்கிய பெயர்கள் யாவை என்பனவற்றைத் தொகுக்கவேண்டும். பெரியகுளம், போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஐந்து ஊர்களுக்கு உறுப்பினர் இருவர் வீதம் பொறுப்பேற்றால் போதும். தேவாரத்திற்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். அவ்வழிகளில் ஏறியவர்களுள் எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். கோடை விடுமுறைக்குள் தொடங்கிவிடுவது நல்லது.